போகிறவர்கள் போகட்டும்

சொத்து வரிச் சீட்டு மேசைமேல் கிடக்கிறது. சிகாகோவின் வடமேற்குப் புறநகரில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அந்தத் தாள் வரும் நாளில் வீட்டில் யாரும் என்னிடம் அதிகம் பேச மாட்டார்கள். இல்லினாய் மாநிலத்தின் சொத்து வரி நாட்டிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. இந்த முறை சீட்டைப் பார்த்ததும் பேர்ஸ் அணியின் நினைவு வந்தது. அவர்களும் இதே வரியைச் சொல்லித்தான் புலம்புகிறார்கள், புதிய அரங்கத்தைப் பக்கத்து மாநிலமான இண்டியானாவில் கட்டிவிடுவோம் என்கிறார்கள். வரி கூடிவிட்டது, பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோகிறேன் என்று நான் ஆளுநருக்குக் கடிதம் போட்டால், "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்றுகூட யாரும் பதில் எழுத மாட்டார்கள். பேர்ஸ் எழுதினால் இரண்டு மாநிலச் சட்டமன்றங்கள் பரபரக்கின்றன.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு: இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. இருமுனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எறிந்து, முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து. சிகாகோ பேர்ஸ் அதன் மூத்த குடிகளில் ஒன்று. 1920இல் டெக்கேட்டர் என்ற ஊரில் ஒரு ஸ்டார்ச் மாவுக் கம்பெனியின் அணியாக ஆடத் தொடங்கியது. மறு ஆண்டே சிகாகோவுக்கு வந்தது. ஆக, இடம்பெயர்வது இவர்களுக்குப் புதிதில்லை, பிறவிக் குணம். அணியை வளர்த்தெடுத்த ஜார்ஜ் ஹாலஸின் குடும்பத்திடம்தான் இன்றும் உரிமை இருக்கிறது. அவர் மகள் விர்ஜீனியா மெக்காஸ்கி 2025 பிப்ரவரியில் 102 வயதில் காலமானார். இப்போது தலைவராக இருப்பவர் அந்த அம்மையாரின் மகன் ஜார்ஜ்.

கடந்த 2025 சீசனைப் பற்றிப் பேசாமல் இந்த விவகாரத்தைப் பேச முடியாது. அதற்கு முந்தைய 2024 சீசனில் 5 வெற்றி, 12 தோல்வி. அதில் பத்துத் தோல்விகள் தொடர்ச்சியாக வந்தவை. நன்றி நவிலல் நாளன்று டெட்ராய்ட்டில் கையிலிருந்த நேரத்தைப் பயன்படுத்தத் தெரியாமல் தோற்ற மறுநாளே தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள். சீசன் நடுவில் அப்படி ஒருவரை அனுப்பியது அணியின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. பிறகு பென் ஜான்சன் வந்தார். அவருடைய முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்விதான், அதில் ஒன்று 52-21. நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தோட்ட வேலை பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

தோட்டம் அப்படியே கிடக்கிறது. 11 வெற்றி, 6 தோல்வி, பிரிவில் முதலிடம். கடைசி நிமிடங்களில் தோல்வியின் வாயிலிருந்து ஆட்டத்தைப் பிடுங்கி வருவதையே வழக்கமாக வைத்திருந்தார்கள். ஜனவரி 10ஆம் தேதி பிளே-ஆஃப் சுற்றில் எதிரே நின்றது கிரீன் பே பேக்கர்ஸ், நூற்றாண்டுப் பகை. இடைவேளையில் 3-21 என்று பின்தங்கியிருந்தோம். கடைசிக் கால் பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்து 31-27 என்று வென்றோம். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பிளே-ஆஃப் வெற்றி. அடுத்த வாரம் ராம்ஸ் அணியுடன், உறைபனிக் குளிரில் ஆட்டம். முடிய அரை நிமிடம்கூட இல்லை. நான்காவது முயற்சி, தவறினால் எல்லாம் முடிந்தது. பந்தை எறியும் ஆட்டக்காரரான எங்கள் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் எதிராளிகள் துரத்தத் துரத்தப் பின்னோக்கி ஓடி, ஏறக்குறைய விழுந்துகொண்டே பந்தை வீசினார். அது ஐம்பது கெஜம் பறந்து கோல் கோட்டுக்கு அப்பால் நின்ற சக வீரர் கோல் கெமெட்டின் கைகளில் போய் உட்கார்ந்தது. ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 17-20 என்று தோற்றோம் என்பது வேறு கதை. அந்த ஒரு வீச்சுக்காக நான் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்ததாகத்தான் நினைக்கிறேன்.

இந்த மகிழ்ச்சியின் நடுவில்தான் அந்தக் கடிதம் வந்தது. டிசம்பர் 17. அணியின் தலைமை நிர்வாகி கெவின் வாரன் ரசிகர்களுக்குப் பகிரங்கமாக எழுதினார்: புதிய அரங்கத்துக்கான தேடலை வடமேற்கு இண்டியானா வரை விரிக்கிறோம். மூன்று நாள் கழித்து, அதே பேக்கர்ஸைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தினோம். நகரமே கூத்தாடியது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள்! பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற ஆண்டில் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால், சாமான்களை ஏற்ற லாரியை நாங்களே பிடித்துக் கொடுத்திருப்போம்.

இவர்கள் கேட்பது என்ன? 2023இல் ஆர்லிங்டன் ஹைட்ஸில் பழைய குதிரைப் பந்தய மைதானத்தை 19.7 கோடி டாலருக்கு வாங்கினார்கள், 326 ஏக்கர். வாங்கிய கையோடு பார்வையாளர் மாடங்களை இடித்தார்கள். பிறகு சொத்து வரி கூடுதல் என்று அந்த வரியில் நடக்கும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களோடு இழுபறி. 2024இல் மனம் மாறி, சிகாகோ ஏரிக்கரையிலேயே கட்டுகிறோம் என்று ஒரு படத்தைக் காட்டினார்கள். அதில் பொதுப் பணம் தாராளமாகத் தேவைப்பட்டது, ஆளுநர் பிரிட்ஸ்கர் அசைந்து கொடுக்கவில்லை. 2025இல் மீண்டும் ஆர்லிங்டன் ஹைட்ஸ். அரங்கத்தை எங்கள் செலவில் கட்டிக்கொள்கிறோம். சாலை, வடிகால், ரயில் நிலைய வேலைகளுக்கு அரசு பணம் தரட்டும். சொத்து வரி இவ்வளவுதான் என்று பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பேசி முடிக்க ஒரு சட்டம் வரட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறப்பது, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறப்பது என்பார்கள். இங்கே கறக்கப்படுகிற மாடு நான்.

இதற்கு முன் கறந்த கணக்கே இன்னும் தீரவில்லை. இப்போது ஆடும் சோல்ஜர் ஃபீல்டு அரங்கம் 1924இல் திறக்கப்பட்டது. பூங்கா நிர்வாகத்துக்குச் சொந்தமானது, அணி அங்கே வாடகைக்கு இருக்கிறது. 2003இல் அதன் கிரேக்கத் தூண்களுக்கு நடுவில் கண்ணாடியும் எஃகுமாக ஒரு பறக்கும் தட்டை இறக்கிவைத்தார்கள். அதன் விளைவாகத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி போனது, இருக்கைகளும் குறைந்து லீகிலேயே மிகச் சிறிய அரங்கம் என்ற பெயர் வந்தது. அந்தத் திருப்பணிக்காக 2001இல் கடன் பத்திரங்கள் மூலம் திரட்டிய பொதுப் பணம் சுமார் 40 கோடி டாலர். கால் நூற்றாண்டு ஓடிய பிறகு, வட்டியோடு சேர்த்து இன்னும் அடைக்க வேண்டியது 50 கோடி டாலருக்கு மேல். சிகாகோ ஹோட்டல் வரியிலிருந்து அதைக் கட்டுகிறார்கள்; வரி வசூல் குறைந்தால் நகரத்தின் பங்கிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். அணி போன பிறகும் கடன் இங்கேயே இருக்கும். நம் ஊரில் மாப்பிள்ளை ஓடிப்போன பிறகும் கல்யாணக் கடனை அடைக்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

மாநில எல்லையைத் தாண்டுவது துரோகம் என்று கொந்தளிக்கும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேசப்படும் இடம் இண்டியானாவின் ஹாம்மண்ட் நகரம், வுல்ஃப் ஏரிப் பக்கம். சோல்ஜர் ஃபீல்டிலிருந்து பார்த்தால் ஆர்லிங்டன் ஹைட்ஸைவிட அது அருகில். நியூயார்க்கின் பெயரைச் சுமக்கும் இரண்டு அணிகளும் நியூ ஜெர்சியில்தான் ஆடுகின்றன, யாரும் செத்துப் போகவில்லை. இன்னும் சொல்லப் போனால் 1920இல் இந்த லீக் தொடங்கியபோது ஹாம்மண்டுக்கும் சொந்தமாக ஓர் அணி இருந்தது, சில ஆண்டுகளில் கலைந்தது. எஃகு ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் சூழ்ந்த அந்தப் பகுதி மக்களுக்கு ஒரு கொண்டாட்டம் கிடைத்தால் நான் ஏன் வருந்த வேண்டும்?

வருத்தம் அவர்களுக்காகத்தான். 2026 பிப்ரவரியில் இண்டியானா சட்டமன்றம் அரங்க ஆணையம் அமைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. சாப்பாட்டுக் கடை, ஹோட்டல், நுழைவுச்சீட்டு ஆகியவற்றின் மீது போடும் வரிகள் அந்தக் கடனுக்குப் போகும். ஓர் அணி ஆண்டுக்குப் பத்து நாள் சொந்த மண்ணில் ஆடும். மீதி நாட்களில் கார் நிறுத்துமிடத்தில் காக்கை பறக்கும். விளையாட்டு அரங்கத்தில் போட்ட பொதுப் பணம் திரும்பி வருவதில்லை என்று பொருளாதாரம் படித்தவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். எதிலும் ஒத்துப்போகாத அந்தக் கூட்டம் இதில் மட்டும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறது.

என் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்லிங்டன் ஹைட்ஸ் என் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம். அரங்கம் வந்தால் என் வீட்டு விலை ஏறலாம், மகளோடு ரயிலில் ஒரு நிறுத்தம் போய் ஆட்டம் பார்க்கலாம். அப்படியிருந்தும் சொல்கிறேன்: 800 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒரு நிறுவனத்துக்கு வரிச் சலுகை கொடுத்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், வேண்டாம். ஹாம்மண்டுக்குப் போகட்டும்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, 2026 சீசன் வருகிறது, அதைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. கடந்த ஆண்டு எதிரணியிடமிருந்து 33 முறை பந்தைப் பறித்தார்கள், லீகிலேயே அதுதான் அதிகம். பந்து தரையில் எந்தப் பக்கம் துள்ளும் என்பது யார் கையிலும் இல்லை. ஓர் ஆண்டு நம் பக்கம் துள்ளியது மறு ஆண்டும் துள்ளும் என்று நம்புவது சீட்டு நிறுவனத்தில் பணம் போடுவது மாதிரி. பிரிவில் முதலிடம் பிடித்ததற்குப் பரிசாக, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற சியாட்டில், பிலடெல்பியா என்று மற்றப் பிரிவுகளின் முதலிடக்காரர்களோடு மோத வேண்டும். என் கணிப்பு ஒன்பது வெற்றி, மிஞ்சினால் பத்து. ஆனால் வில்லியம்ஸ் மேம்படுவார். கடந்த ஆண்டு 3,942 கெஜம் எறிந்து அணியின் சாதனையை முறியடித்தார். நூறாண்டு வரலாற்றில் ஒரு பேர்ஸ் வீரரும் 4,000ஐத் தொட்டதில்லை, அந்த 58 கெஜ மிச்சம் இந்த ஆண்டு தீரும்.

எங்கே கட்டினாலும் கூரை போட்டுத்தான் கட்டப்போகிறார்கள். ஏரிக் காற்றில் மூக்கு நுனி மரத்துப்போய், கையுறைக்குள் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டிசம்பர் ஆட்டங்கள் இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான். இந்த டிசம்பரில் இரண்டு டிக்கெட் எடுப்பதாக இருக்கிறேன், விலையை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்த மகள் கேட்டாள்: "ஹாம்மண்டுக்குப் போய்விட்டால் அந்த பேர்ஸ் சட்டையைக் குப்பையில் போட்டுவிடுவீர்களா அப்பா?"

150 டாலர் கொடுத்து வாங்கிய சட்டை. போட மாட்டேன்.