ஊசி இரண்டு முறை துணிக்குள் போனால்

போன ஞாயிறு வடசேரி பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். தக்கலை பஸ் வரும்வரை பேசிக்கொண்டு நின்றோம். துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்று சொல்லும் இழைக் கோட்பாட்டின் ஒரு வடிவம் சூப்பர் ஸ்டிரிங். அந்தப் பக்கம் போகிற எண்ணம் உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் இனி யாரு சார் படிக்கா? சூப்பர்சிமெட்ரி செத்துப்போச்சுல்லா. சேர்ன்ல ஒண்ணுமே கெடைக்கல்லியே" என்றான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

ஒளித்துகள் போன்றவை போசான், எலெக்ட்ரான் போன்றவை ஃபெர்மியான். இந்த இரண்டு வகையையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சமச்சீர்மைதான் சூப்பர்சிமெட்ரி. அவன் சொன்ன செய்தியில் பிழை இல்லை. ஜெனிவா அருகே சேர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மோதுவளையத்தில் 2012-இல் ஹிக்ஸ் போசான் கிடைத்தது. அதன் பின்னால் வரும் என்று பலர் காத்திருந்த ஜோடித் துகள்கள் இன்றுவரை வரவில்லை. இதை மழுப்பக் கூடாது. ஆனால் சூப்பர்சிமெட்ரி என்றாலே ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி, அந்த ஜோடிப் பட்டியல்தான் எல்லாம் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அது ஓர் உருமாற்றம். அந்த உருமாற்றம் என்ன செய்கிறது என்பதை ஐந்து வருடப் படிப்பில் ஒருவரும் அவனுக்குக் காட்டவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

என் அம்மா பல வருடம் எம்பிராய்டரி வேலை செய்தவர். நம் மாவட்டத்தில் லேஸும் எம்பிராய்டரியும் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்த தொழில். சாதாரண ஓட்டுத் தையலை நினைத்துப் பாருங்கள். ஊசி துணியின் மேல்பக்கத்திலிருந்து அடிப்பக்கம் போகிறது. அடுத்த குத்தில் மேலே வருகிறது. இரண்டு குத்து முடிந்ததும் நூல் பழையபடி மேல்பக்கம்தான், ஆனால் பழைய இடத்தில் இல்லை. ஒரு தையல் தூரம் நகர்ந்துவிட்டது.

மேல்பக்கத்தைப் போசான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிப்பக்கத்தை ஃபெர்மியான் என்று. போசானை ஃபெர்மியானாக்கி, அதை மறுபடி போசானாக்கினால் தொடங்கிய நிலையே திரும்பக் கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கிடைப்பதில்லை. வெளியிலும் காலத்திலும் ஒரு நகர்வு மிஞ்சுகிறது. முதல்முறை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளுக்குள் நடக்கிற ஒரு மாற்றத்துக்கும், ஓர் இடம்விட்டு இன்னோர் இடம் போவதற்கும் இப்படி ஒரு உறவா!

இழையின் கணக்கில் இது இரண்டே வரி. இழை இருக்கும் இடத்தை எக்ஸ் என்போம், அதன் ஃபெர்மியான் துணையைச் சை என்போம். உருமாற்றத்தில் எக்ஸின் மாற்றம் சையாக வரும். சையின் மாற்றமோ எக்ஸாக வராது, எக்ஸின் வகைக்கெழுவாக வரும். ஆக, இரண்டு முறை செய்தால் எக்ஸிலிருந்து எக்ஸின் வகைக்கெழுவுக்கு வந்து சேர்கிறோம். ஒரு சார்பைச் சற்றே நகர்த்தினால் அதில் ஏற்படும் மாற்றம் வகைக்கெழுவால்தான் வருகிறது என்பது பிளஸ் டூ பிள்ளைக்கே தெரியும். உருமாற்றத்தின் அளவைக் குறிக்கும் எண் மட்டும் விசேஷமானது. அப்படிப்பட்ட இரண்டு எண்களை இடம் மாற்றிப் பெருக்கினால் குறி மாறும், ஒன்றைத் தன்னோடே பெருக்கினால் பூச்சியம்.

இது யாரோ அழகுக்காகச் சேர்த்த அலங்காரமும் அல்ல. முதலில் வந்த இழைக் கோட்பாட்டில் ஃபெர்மியானே கிடையாது. 26 பரிமாணம் கேட்டது, நிறையின் வர்க்கம் எதிர்க்குறியில் வரும் டாக்கியான் என்ற நோயும் கூடவே இருந்தது. 1971-இல் ரமோன் ஒருபக்கம், நெவ், ஷ்வார்ட்ஸ் இருவரும் இன்னொருபக்கம் ஃபெர்மியான்களைக் கொண்டுவந்தார்கள். இழை காலத்தில் நகரும்போது விரிக்கும் பரப்பின் மேல் இந்தச் சமச்சீர்மை இருப்பதை ஜெர்வேயும் சகிதாவும் அதே வருடம் காட்டினார்கள். அது இல்லாவிட்டால் நிகழ்தகவு எதிர்க்குறியில் வரும் கெட்ட நிலைகளை நீக்க வழியில்லை. பத்துப் பரிமாணம் என்ற எண்ணும் அங்கிருந்துதான் வருகிறது.

என் மாணவன் குழப்பிக்கொண்டது இங்கேதான். பரப்பின் மேல் உள்ள சமச்சீர்மை வேறு, நாம் வாழும் வெளி-காலத்தில் துகள்களுக்கு இடையே எதிர்பார்க்கும் சமச்சீர்மை வேறு. மோதுவளையம் தேடியது இரண்டாவதை, அதுவும் தன் ஆற்றலுக்கு எட்டும் தூரத்தில். முதலாவது இல்லாமல் சூப்பர் ஸ்டிரிங் என்ற கணக்கே நிற்காது. அந்தக் கணக்குதான் இயற்கையா என்பது தனிக் கேள்வி. அதற்கு இன்றுவரை சோதனைச் சான்று இல்லை.

முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படி வந்தது என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. 1976-77-இல் கிளியோட்ஸி, ஷெர்க், ஆலிவ் மூவரும் ஒரு விதியை வைத்துப் பாதி நிலைகளைக் கழித்துவிட்டார்கள். டாக்கியான் போயிற்று. மிச்சத்தை எண்ணினால் இரு முனைகளும் ஒட்டாத திறந்த இழையில், நிறை வரிசையின் முதல் படியில் போசான் 8, ஃபெர்மியான் 8. அடுத்த படியில் 128, 128. அதற்கடுத்து 1152, 1152. எல்லாப் படியிலும் சமம்! இந்தச் சமத்துக்கு ஆதாரமான சமன்பாடு 1829-இல் கணிதர் யாக்கோபி எழுதிய நூலில் இருக்கிறது. அவரே அதைப் புரிவதற்குக் கடினமான சமன்பாடு என்று குறித்துவைத்திருக்கிறார். இழை என்ற பேச்சே இல்லாத காலம் அது.

தமிழில் இழைக் கோட்பாடு என்றால் வீணைத் தந்தி அதிர்கிறது என்பதோடு முடித்துவிடுகிறோம். மேடையில் பேசுகிறவர்கள் சுசீந்திரத்து இசைத்தூணைத் தொட்டுவிட்டு, எல்லாம் நம் முன்னோர் சொன்னதுதான் என்று கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தத் தூண்களின் பெருமை அவற்றைச் செதுக்கிய கைகளுக்கு உரியது. அதற்கு இந்தக் கணக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வரியைக் காட்டுங்கள், போதும்.

அன்று ராத்திரியே அந்த வரிகளைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் புதன்கிழமை காலை ஒரு கேள்வி வந்தது: "சார், ரெண்டாவது வரியில மட்டும் வகைக்கெழு எதுக்கு?" பதினொன்றாம் வகுப்பு முதல் பாடத்தில் படித்த பரிமாணப் பகுப்பாய்வைப் போட்டுப் பார் என்று எழுதினேன். எக்ஸுக்கும் சைக்கும் பரிமாணம், அதாவது அலகின் அடுக்கு, அரை வித்தியாசப்படும். போகும்போது அந்த அரையை உருமாற்ற எண் ஈடுகட்டிவிடும். திரும்பும்போது அதே எண் எதிர்ப்பக்கம் இழுக்கும். அப்போது ஒரு முழு அளவு குறையும், அதை வகைக்கெழு ஒன்றால்தான் நிரப்ப முடியும்.

மதியம் விடையோடு அவனே கூப்பிட்டான்.