பம்பருக்கு அம்மை

(திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு டிங்கரிங் ஷெட். பெயின்டர் செல்வம் ஸ்ப்ரே கன்னைக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பம்பரைக் காவடி மாதிரி தோளில் சுமந்துகொண்டு, கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வருகிறார்.)

செல்வம்: வாங்க சார். என்ன இது, பம்பருக்கு அம்மை போட்டிருக்கிறது?

வாத்தியார்: கிண்டல் செய்யாதே தம்பி. பேஸ் மாடல் கார், கறுப்பு பம்பர். எதிர்வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் "இதற்குப் பெயின்ட் அடிக்க மறந்துவிட்டார்களா?" என்கிறார். நானே ரெண்டு ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்துவிட்டேன்.

செல்வம்: குழி குழியாக இருக்கிறதே. ஃபிஷ் ஐ என்போம் இதை. அடியில் எண்ணெயோ சிலிக்கானோ இருந்தால் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி ஓடும். பாலிஷ் ஏதாவது போடுவீர்களா?

வாத்தியார்: (பெருமையாக) ஆறு வருஷம்! ஒரு ஞாயிறு தவறினதில்லை. டாஷ்போர்டு பாலிஷும் டயர் பாலிஷும் கலந்து தேய்ப்பேன். பெற்ற பிள்ளைக்குக்கூட நான் அப்படி எண்ணெய் தேய்த்ததில்லை.

செல்வம்: அந்தப் பாசம்தான் சார் குழி பறித்திருக்கிறது.

வாத்தியார்: அதை விடு, இந்த ஓரத்தைப் பார். (நகத்தால் கீறுகிறார். பெயின்ட் நீளமாக உரிந்து வருகிறது.)

செல்வம்: மல்லிகைப்பூவா சார், முழம் போட்டு எடுக்கிறீர்கள்? பின்பக்கம் பாருங்கள், பிபி, ஈபிடிஎம் என்று அச்சு இருக்கிறது. பாலிபுரொப்பிலீனும் ரப்பரும் கலந்த சரக்கு. தாமரை இலை மாதிரி, பெயின்ட் லேசில் ஒட்டாது. முதலில் பெயின்ட்டைப் பிடித்து ஒட்டவைக்கிற அட்ஹீஷன் புரமோட்டர் மெல்லிசாக அடிக்க வேண்டும்.

வாத்தியார்: புரமோஷன் கொடுத்தால்தான் ஒட்டுமா? நான் முப்பது வருஷம் அது இல்லாமலே ஒரே பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேனே!

செல்வம்: நீங்கள் பாலிபுரொப்பிலீன் இல்லையே சார். அது சரி, இங்கே என்ன, மீசை மாதிரி?

வாத்தியார்: நன்றாகப் பிடிக்கட்டும் என்று 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

செல்வம்: 80 நம்பரா! அவ்வளவு சொரசொரப்புக்கு இந்தப் பிளாஸ்டிக் நார் நாராக எழும்பிவிடும் சார். லேசாகத் தேய்க்கிற நார், சாம்பல் நிற ஸ்கஃப் பேட் போதும். அதையும் கழுவுவதற்கு முன்னால் போடக் கூடாது. போட்டால் சிலிக்கானைக் கீறலுக்குள் நாமே ஊட்டிவிட்ட மாதிரி. சரி, இந்தக் கொப்புளம்?

வாத்தியார்: அது தெரியவில்லை. அஞ்சு கோட் அடித்தேன். மொட்டை மாடி வெயிலில் பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

செல்வம்: மேலே தோல் கட்டிவிட்டது, உள்ளே மாட்டிய தின்னர் முட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆற விட வேண்டாமா? இதென்ன, கொசு?

வாத்தியார்: அது சாயங்காலம் வந்தது.

செல்வம்: எல்லாவற்றையும் உரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஷாம்பு போட்டுக் கழுவி, கிரீஸ் ரிமூவர் வைத்துத் துடைக்க வேண்டும். ரிமூவரில் நனைத்த துணி ஒன்று, அது காய்வதற்குள் எடுக்கக் காய்ந்த துணி ஒன்று. ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் போகாது, பக்கத்துத் தெருவுக்குக் குடி மாறும். அப்புறம் ஸ்கஃப், மறுபடி கழுவல். மேலே தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் பாய் விரித்த மாதிரி பரவ வேண்டும். அதற்குப் பிறகுதான் புரமோட்டர், அடிப்பூச்சுக்குப் பிரைமர், கலருக்குப் பேஸ் கோட், பளபளப்புக்குக் கிளியர்.

வாத்தியார்: ஆக, கழுவ ஒரு நாள், கலர் அடிக்க அரை மணி நேரம். கழுவுகிறதற்கெல்லாம் கூலியா?

செல்வம்: பரீட்சை மூணு மணி நேரம்தானே சார். எதற்கு வருஷம் முழுக்கப் பாடம் எடுத்துச் சம்பளம் வாங்கினீர்கள்?

(வாத்தியார் பேசாமல் ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொள்கிறார்.)

(மறுநாள் மாலை. கழுவித் துடைத்த பம்பர் ஸ்டாண்டில் நிற்கிறது. செல்வம் கையுறையும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு புரமோட்டரைக் கன்னில் ஊற்றுகிறார். வாத்தியார் புதுப் பொட்டலத்தோடு வருகிறார்.)

வாத்தியார்: அடடா, துளி அழுக்கு இல்லையே தம்பி! (தடவிப் பார்க்கிறார்.)

செல்வம்: சார்! அந்தக் கையில்தானே பஜ்ஜி சாப்பிட்டீர்கள்?

வாத்தியார்: எனக்குத் தெரியாதா? நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன்.

செல்வம்: எதில் துடைத்தீர்கள்?

வாத்தியார்: இதோ, இங்கே பாலித்தீன் பையில் பத்திரமாக வைத்திருந்தாயே, புதுத் துணி. நல்ல துணி தம்பி. எண்ணெயை அப்படியே வாங்கிக்கொண்டது.

(செல்வம் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஷாம்பு வாளியைத் தேடிப் போகிறார்.)