விலையை ஏற்றுவது பாடகர் பெயர் மட்டுமல்ல
கபரே எனப்படும் பாட்டு மதுக்கூடங்களில் பாடிய பழைய பிரெஞ்சுப் பாட்டுகளை இசைக்குறிப்போடு அச்சிட்ட பாட்டுத்தாள்களின் விலை, பாடியவரின் புகழைப் பொறுத்தது என்று சொல்வது பாதிதான் சரி. அட்டைப்படம் யார் வரைந்தது என்பதைத்தான் பலர் முதலில் பார்க்கிறார்கள். இன்று யாருக்கும் நினைவில்லாத பாட்டாக இருக்கட்டும், அட்டையில் அந்தக் காலத்துப் பாரீஸின் புகழ்பெற்ற ஓவியர்களான ஸ்டைன்லெனோ துலூஸ்-லோத்ரெக்கோ வரைந்திருந்தால் விலை கையைச் சுடும். 1894இல் பாடகி இவெட் கில்பேரை லோத்ரெக் வரைந்த ஆல்பம் மொத்தமே 100 பிரதிகள், கில்பேரின் கையெழுத்தோடு. அதை நாமெல்லாம் அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். அதே கில்பேர் பாடிய பாட்டுகளின் சாதாரணத் தாள்களோ சில யூரோவுக்கே கிடைக்கின்றன. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு, நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். பாரீஸில் செய்ன் நதிக்கரைப் பச்சைப் பெட்டிக் கடை ஒன்றில், ஒரு கபரேவுக்காக ஸ்டைன்லென் வரைந்த புகழ்பெற்ற கறுப்புப் பூனைச் சுவரொட்டியைச் சின்ன அளவில், 'அந்தக் காலத்துத் தாள்' என்று நம்பி வாங்கினேன். காகிதம் நன்றாகப் பழுத்துத்தான் இருந்தது. அறைக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிசை வரிசையாகப் புள்ளிகள்! படத்தைப் புள்ளிகளாக அச்சிடும் ஆஃப்செட் நகல். 1896இல் வந்த அசலோ கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப். அதில் மை, கல்லில் கிரேயான் தேய்த்த மாதிரி சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் படிந்திருக்கும். ஆனால் ஒன்று, 1900க்குப் பிந்தைய பாட்டுத்தாளில் பாடகரின் புகைப்படம் அச்சாகியிருந்தால் புள்ளிகள் இருக்கத்தான் செய்யும். அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.