இருபத்தாறு என்றால் இருபத்தாறு அல்ல

என் பழைய சைக்கிளின் ஒரே சக்கரத்துக்கு மூன்று டயர் வாங்கியவன் நான். மூன்றிலும் 26 என்றுதான் போட்டிருந்தது. முதலாவது ரிம்மில் ஏறவே இல்லை. இரண்டு டயர் லீவர் உடைந்ததுதான் மிச்சம். இரண்டாவது வெறும் கையாலேயே ஏறிவிட்டது. ஆகா, இதல்லவா டயர் என்று உற்சாகமாகக் காற்றடித்தேன். பாதி அடிப்பதற்குள் ஒரு ஓரம் ரிம்மை விட்டு வெளியே வந்து, ட்யூப் கொப்புளம் போலப் பிதுங்கி, வெடித்தது. வெகுநேரம் காதில் ஙொய் என்ற சத்தம். மூன்றாவதுதான் உட்கார்ந்தது.

பழைய சைக்கிள் என்று பேச்செடுத்தாலே, "இதுக்கெல்லாம் இப்போ பார்ட்ஸ் எங்கே கிடைக்குது" என்று ஒரு பெருமூச்சு வரும். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு சில பாகங்கள் போக, மற்றவை தாராளமாகக் கிடைக்கின்றன. நமக்குத்தான் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்கிறோம், அந்தப் பெயர் உள்ள ஏதோ ஒன்று வந்து சேர்கிறது.

டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 என்பது ரிம்மின் அளவு இல்லை. அந்தக் காலத்தில் காற்றடைத்த டயரின் வெளி விட்டத்தை வைத்துப் பெயர் வைத்தார்கள். டயர் தடிமனாக ஆக, வெளி விட்டம் மாறாமல் இருக்க ரிம் சிறிதாக வேண்டும். பிரான்சில் இதையே 650 என்று சொல்லி, தடிமனுக்கு ஏற்ப ஏ, பி, சி என்று எழுத்துச் சேர்த்தார்கள். 650ஏ ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 590 மில்லிமீட்டர், 650பி-யில் 584, 650சி-யில் 571. மலைப்பாதை சைக்கிள்களின் 26 அங்குலம் 559. பழைய அமெரிக்க ஷ்வின் சைக்கிள்கள் சிலவற்றில் 597. இத்தனைக்கும் ஒரே பெயர்!

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. 26 × 1¾ என்றால் 571. 26 × 1.75 என்றால் 559. கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார். டயர் அப்படிச் சொல்லாது. பின்னமா தசமமா என்பது எண் எழுதும் பழக்கம் மட்டுமில்லை, அது வேறு ரிம் என்பதற்கான அடையாளம். ஆகவே டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல ஒரு ஜோடி எண் இருக்கும், அதை மட்டும் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். ஐ.எஸ்.ஓ 5775 என்ற தர அளவின்படி வருவது அது. என் முதல் டயர் 559, வெடித்தது 597, எனக்கு வேண்டியிருந்தது 590.

சரி, டயராவது ஏறாமலோ வெடித்தோ உண்மையைச் சொல்லிவிடுகிறது. மரை அப்படியில்லை. கிட்டத்தட்டப் பொருந்தும் மரை போல ஆபத்தான பொருள் சைக்கிளில் வேறில்லை என்பது என் கட்சி.

பாட்டம் பிராக்கெட் கப்பைப் பாருங்கள். பெடல் அச்சைத் தாங்க, ஃபிரேமின் அடிக்குழாயில் இருபுறமும் திருகும் மரை வளையம் அது. ஆங்கிலேய அளவில் விட்டம் 1.37 அங்குலம், அதாவது 34.8 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சு அளவு 35 மில்லிமீட்டர். மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். விட்டத்தில் வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர்தான். ஒரு நண்பரின் பழைய பிரெஞ்சு சைக்கிளில் நான் ஆங்கிலேயக் கப்பைத் திருகினேன். இரண்டு சுற்று வெண்ணெய் மாதிரி போனது. மூன்றாவது சுற்றில் இறுகியது. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டு, ஸ்பேனரின் முனையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நெம்பினேன். ஃபிரேமுக்குள் இருந்த மரை சுருள் சுருளாக வெளியே வந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஆங்கிலேய அளவில் வலது பக்கக் கப் இடது மரை, அதாவது கடிகாரத் திசைக்கு எதிராகத் திருகினால்தான் இறுகும். இத்தாலிய அளவில் (36 மில்லிமீட்டர், 24 மரை) இரண்டு பக்கமும் வலது மரை. பிரெஞ்சிலும் பெரும்பாலும் அப்படியே. எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று தெரியாமல் நெம்பினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். இங்கிலாந்து சைக்கிள்தானே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நாட்டிங்காமில் ராலே நிறுவனம் செய்த சைக்கிள்கள் பலவற்றில் 24-க்குப் பதில் 26 மரை. அந்த அடிக்குழாயின் அகலமும் வழக்கமான 68 மில்லிமீட்டர் இல்லை, 71 அல்லது 76. என்னுடையது அந்த வம்சம்தான்.

கருவி இல்லாமல் மரையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அளவு தெரிந்த ஒரு போல்ட்டின் மரையையும் உங்கள் பாகத்தின் மரையையும் பல்லோடு பல்லாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நீளம் முழுக்கப் பல் கவ்வி, வெளிச்சம் கசியாமல் இருந்தால் ஒரே மரை. இரண்டு மூன்று பல் மட்டும் கவ்வினால் ஏமாந்துவிடாதீர்கள். 1 மில்லிமீட்டர் மரை என்பது அங்குலத்துக்கு 25.4; 24-க்கும் 26-க்கும் நடுவே வந்து நிற்கிறது. அதனால்தான் எல்லாமே முதலில் போகிற மாதிரி இருக்கும்.

காட்டர் பின்னுக்கு வருகிறேன். பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு அது. ஆங்கிலேய கிராங்குகள் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், பிரெஞ்சு 9. விட்டம் சரியாக இருந்தால் போதாது, சாய்வும் சரியாக வேண்டும். வேறு வேறு இடத்தில் வாங்கிய இரண்டு பின்னைப் போட்டேன். இரண்டிலும் சாய்வு வேறு. விளைவு, பெடல்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒரு கால் கொஞ்சம் முந்திக்கொண்டே போனது. அப்புறம் ஜோடியாக வாங்கி, அரத்தால் சீராகத் தேய்த்துப் போட்டேன். அரை நாள் போனது, ஆனால் இந்த வேலை முழுவதிலும் நான் ரசித்தது அந்த அரை நாளைத்தான்.

சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் நீண்ட கதை இல்லை: 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக அளவுகள் உண்டு, வெர்னியர் காலிப்பர் இல்லாமல் வாங்காதீர்கள். ஆனால் எதை அளப்பது? கழற்றிய பழைய போஸ்ட்டை அளந்தால் போச்சு. என்னுடையதில் முந்தைய சொந்தக்காரர் யாரோ மெல்லிய குழாயைப் போட்டு, இடைவெளியில் தகரத்தைச் சுருட்டிச் செருகியிருந்தார். சைக்கிளில் இப்போது இருக்கும் பாகம் அதற்கு உரியதுதான் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. ஃபிரேமை அளந்து பாருங்கள்.

இத்தனைக்கு நடுவில் என் பின்சக்கர ஹப், அதாவது சக்கரத்தின் நடு உருளை, ஒரு தொல்லையும் தரவில்லை. நாட்டிங்காமின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் செய்த ஏ.டபிள்யூ என்ற மூன்று கியர் ஹப். மேலே 64 3 என்று பொறித்திருக்கிறது: 1964 மார்ச். இந்த ஹப்பைப் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் செய்தார்கள். அதனால் ஒன்றின் உள்பாகம் இன்னொன்றில் உட்காருகிறது. நாட்டிங்காம் தொழிற்சாலை 2000-த்தில் மூடப்பட்டு, பெயர் தைவானின் சன்ரேஸிடம் போனது. எனக்கு வேண்டிய சிறு ஸ்பிரிங்கை வேறொரு உடைந்த ஹப்பிலிருந்து எடுத்துப் போட்டேன். பொருந்திவிட்டது, அவ்வளவுதான். அளவை மாற்றாமல் விட்ட அந்த எஞ்சினியர்களுக்கு ஒரு கும்பிடு.

அசல் பாகம்தான் போட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. பார்க்க அழகு, நிற்கச் சொன்னால் நிற்காது. அலுமினிய ரிம் போட்டால் நிற்கும். நான் மாற்றத்தான் போகிறேன். கழற்றும் பழையவற்றைத் துடைத்து எண்ணெய் பூசிப் பெட்டியில் வைப்பேன். அடுத்து வருகிறவர் விரும்பினால் திரும்பப் போட்டுக்கொள்ளட்டும்.

முன்சக்கரம் முடிந்துவிட்டது. பின்சக்கரம்தான் பாக்கி. பழைய இங்கிலாந்து வழக்கப்படி முன்னால் 32 ஸ்போக் கம்பி, பின்னால் 40. அலுமினியத்தில் 590 விட்டம், 40 ஓட்டை ரிம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் 36 ஓட்டை உள்ள ஏ.டபிள்யூ ஹப் கூடு இருந்தாலும் போதும், உள்பாகத்தை மாற்றிக்கொள்வேன். 26 அங்குல ரிம் இருக்கிறது என்று மட்டும் யாரும் கமென்ட் போடாதீர்கள்.