கிளப் குளம்

போன ஞாயிறு காலை பசியாறிவிட்டு, கோயில் திருவிழாவுக்கு மாவிலை வெட்டலாம் என்று பெரியம்மா மகன் அண்ணனோடு மலேசியாவில் எங்கள் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய கிளப் இருந்த மேட்டுக்குப் போனேன். கிளப் எப்போதோ போய்விட்டது. மேட்டில் ஏறும் படிக்கட்டு மட்டும் இருக்கிறது, அதில் ஏறிப் போனால் ஒன்றும் இல்லை. இரண்டு சாக்கு நிறைய இலை சேர்த்துக்கொண்டு திரும்பும்போது, லாலாங் புல்லை மிதித்துக்கொண்டு முன்னால் போன அண்ணன் சட்டென்று இடுப்பளவு இறங்கிவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தால் சிமெண்டு விளிம்பு. பாராங் கத்தியால் புல்லை விலக்க விலக்க அது நீண்டுகொண்டே போனது. வெள்ளை ஓடு, துருவேறிய ஏணிக் கம்பி, அடியில் மழைத் தண்ணீர், அதில் தவளை. "துரைமாருங்க குளிச்ச கொளம்டா இது" என்றார் அண்ணன், காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டே.

படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதுதான் வினை. "அந்தக் காலமே தனி", "வெள்ளைக்காரன் இருந்தப்ப என்ன சுத்தம், என்ன ஒழுங்கு" என்று வந்து குவிந்தது. ஒருவர் அதைச் சுத்தம் செய்து காப்பிக் கடை வைக்கலாம் என்றார். அதற்கு முப்பது கைதட்டல். அந்தக் கைதட்டலுக்காகத்தான் இந்தப் பதிவு.

யாருடைய பொற்காலம் அது? பெரியம்மாவுக்குப் பதினைந்து வயதில் வெளிக்காட்டு வேலை. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வாரம் ஒரு நாள் கிளப்பில் புல் பிடுங்க அனுப்புவார்கள். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியும் அந்தத் தண்ணீரில் அவர் கை நனைத்ததில்லை. குளத்தின் அழகைப் பற்றி ஒருநாளும் பேசமாட்டார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்த தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார். "லயத்துல இருபது வீட்டுக்கு ஒரு பைப்பு. வெயில் காலத்துல அதுவும் நூலாத்தான் வரும். அங்க எட்டுப் பேரு குளிக்க ஒரு கொளம் தண்ணி."

மரியாதை, ஒழுங்கு என்று பேசுகிறவர்கள் 1941-ஐ நினைத்துப் பார்க்கலாம். கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையையோ தோட்டத்து எழுத்தரான கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. முன்னின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டாளம் வந்து சுட்டது. சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதற்கே இந்தப் பாடு என்றால், குளத்தில் குதிப்பதை யார் கேட்டிருப்பார்கள்?

எனக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. எங்கள் பக்கம் பேராக்கில் திரும்பிய இடமெல்லாம் ஈயம் தோண்டிய குட்டை. "அங்க போன, காலை ஒடிச்சிருவேன்" என்பதுதான் வீட்டில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நீச்சல் பாடம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டபோது சுகமாகத்தான் இருந்தது. காற்று நன்றாக வரும் மேடு. இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் லயம் இருந்த இடத்தையும் தேடினோம். ஐந்து லயம், குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை, ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோர் எல்லாம் பலகையும் தகரமும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கிய துண்டாடல் காலத்தில், ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பணம் சேர்த்து தோட்டங்களை வாங்க 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் தோட்டம் துண்டாடலுக்குத் தப்பியது. பிறகு கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோது தப்பவில்லை. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். ஆட்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்குப் போனார்கள், லயத்தைப் பிரித்துப் பலகையை விற்றுவிட்டார்கள். மிச்சம் ஒரு முருங்கை மரம். நானூறு பேர் வாழ்ந்த இடத்துக்கு ஒரு முருங்கை, எட்டுப் பேர் குளித்த இடத்துக்குச் சிமெண்டு. அதனால்தான் ஊர் குளத்தை நினைக்கிறது. லயத்தை யாரும் படம் எடுத்துப் போடமுடியாதே.

குளத்தை இடிக்கச் சொல்லவில்லை. முதலில் தேங்கின தண்ணீரை வடியவிட வேண்டும், ஏடிஸ் கொசு வந்தால் பக்கத்துத் தாமானுக்குத்தான் டிங்கி. பிறகு புல்லை வெட்டிவிட்டு, தமிழிலும் மலாயிலும் ஒரு பலகை வைக்கலாம். யார் குளித்தார்கள், யார் புல் பிடுங்கினார்கள், லயத்தில் எத்தனை வீட்டுக்கு ஒரு பைப்பு என்று மூன்று வரி போதும். காப்பிக் கடைதான் வேண்டும் என்றால் ரயில்வே ஸ்டேஷன் எதிரே ஏற்கெனவே நாலு இருக்கிறது, அங்கேயே ஈ ஓட்டுகிறார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் அண்ணனும் மண்வெட்டியோடு போகிறோம். வரலாம் என்பவர்கள் பூட்ஸ் போட்டு வாருங்கள், பாம்பு உண்டு. பெரியம்மாவும் வருவேன் என்று நிற்கிறார். எழுபத்தெட்டு வயது, முட்டி வலி. நேற்று போனில் கேட்டார்: "படி இருக்காடா? உள்ள எறங்கலாமா?"

ஆழமில்லாத பக்கம் மூன்று படி இருக்கிறது, பாசி வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.