மேடை ஏறாதவருக்குப் பாஸ் இல்லை

(அரங்கத்தின் பின்வாசல். கழுத்தில் அட்டையும் கையில் பட்டியலுமாக ஒரு தொண்டர். தோளில் பையும் கையில் நோட்டுமாக ஒரு நடன அமைப்பாளர். உள்ளே நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.)

தொண்டர்: இது மேடை ஏறுகிறவர்களுக்கான வாசல், மேடம். பார்வையாளர்கள் முன்பக்கம் போகவேண்டும்.

மாஸ்டர்: நான் பார்வையாளர் இல்லை தம்பி. மூன்றாவதாக வருகிற நடனம் என்னுடையது.

தொண்டர்: அப்படியா! இன்னும் டிரஸ்கூட மாற்றவில்லையே நீங்கள்?

மாஸ்டர்: நான் ஆடவில்லை.

தொண்டர்: ஆடவில்லை என்றால் அது எப்படி உங்கள் நடனம்?

மாஸ்டர்: நான் அமைத்தது. ஆடுகிற பத்துப்பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

தொண்டர்: ஓ, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவரா? பெற்றோருக்கும் முன்பக்கம்தான், மேடம்.

மாஸ்டர்: பெற்றோரா? அந்தப் பத்துப்பேரில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். ஒருவருக்கு வயது 71.

தொண்டர்: ஐயோ பாவம். அவரை ஏன் ஆடவிடுகிறீர்கள்?

மாஸ்டர்: அவர்தான் என்னை விடமாட்டேன் என்கிறார். ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பவர் அவர். யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்பதுதானே சமூக நடனம் தம்பி? ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பவுஷ் 1978-இல் தன் குழுவுக்கு ஒரு நடனம் அமைத்தார். அதே நடனத்தை 2000-இல் 65 வயது தாண்டியவர்களை வைத்து மறுபடி மேடை ஏற்றினார். தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லை, நம்மைப் போன்றவர்கள். 2008-இல் அதையே பதின்வயதுப் பிள்ளைகள் ஆடினார்கள். அசைவு ஒன்றுதான். ஆடுகிற உடம்பு மாறினால் அர்த்தமே மாறுகிறது.

தொண்டர்: (பட்டியலைப் புரட்டி) பவுஷ், பவுஷ்... அவர் பெயரும் இதில் இல்லை, மேடம்.

மாஸ்டர்: அவர் 2009-இல் இறந்துவிட்டார்.

தொண்டர்: அதனால்தான் இல்லை போலிருக்கிறது.

மாஸ்டர்: என் பெயர் ஏன் இல்லை? நான் உயிரோடுதானே நிற்கிறேன்?

தொண்டர்: நீங்கள் மேடை ஏறவில்லையே. மேடை ஏறாதவருக்குப் பாஸ் கிடையாது. எனக்குச் சொல்லியனுப்பியது அவ்வளவுதான்.

மாஸ்டர்: சரி, உங்கள் தலைக்கு மேலே பேனர் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் படியுங்கள்.

தொண்டர்: (அண்ணாந்து) நிதி உதவி... ஒலி உதவி... நாற்காலி உதவி...

மாஸ்டர்: நடுவில், பெரிய எழுத்தில்.

தொண்டர்: "நம் ஊர் நடன அமைப்பாளர்கள். தொடர் நிகழ்ச்சி."

மாஸ்டர்: அந்த நடன அமைப்பாளர்களில் ஒருத்தி நான்.

தொண்டர்: அது நிகழ்ச்சியின் பெயர், மேடம். ஆட்களின் பெயர் இல்லை.

மாஸ்டர்: அது தெரிகிறது. ஆட்களின் பெயர் எங்கேயும் இல்லை. சரி, அந்தப் பட்டியலில் யார் யார்தான் இருக்கிறார்கள்?

தொண்டர்: சிறப்பு விருந்தினர். சிறப்பு விருந்தினரின் உதவியாளர். சிறப்பு விருந்தினரின் டிரைவர்.

மாஸ்டர்: டிரைவர் மேடை ஏறுகிறாரா?

தொண்டர்: இல்லை. ஆனால் பட்டியலில் இருக்கிறார்.

மாஸ்டர்: மேடை ஏறாதவருக்குப் பாஸ் கிடையாது என்றீர்களே?

தொண்டர்: மேடை ஏறுகிறவரை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்.

மாஸ்டர்: நானும் பத்துப்பேரை மேடையில் ஏற்றியிருக்கிறேன் தம்பி! நான்கு மாதமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்!

தொண்டர்: வண்டியிலா?

மாஸ்டர்: (மூச்சை இழுத்துவிட்டு) சரி, இப்படிக் கேளுங்கள். நான் மேடையின் பக்கவாட்டு மறைவில், விங் ஓரமாக நின்றுகொண்டால் போதும். ஒருவர் தவறவிட்டால் பத்துப்பேரும் தடுமாறுவார்கள். நான் அங்கே நிற்பது தெரிந்தாலே அவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

தொண்டர்: அமைத்துக் கொடுத்தாகிவிட்டது. அவர்களும் பழகிவிட்டார்கள். அப்புறம் அங்கே உங்களுக்கு என்ன வேலை?

மாஸ்டர்: பாரிஸ், 1913 மே 29. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை, நிஜின்ஸ்கியின் நடன அமைப்பு. திரை தூக்கியதும் அரங்கத்தில் ஒரே கூச்சல். அந்தச் சத்தத்தில் ஆடுகிறவர்களுக்கு இசையே கேட்கவில்லை. நிஜின்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா? விங்கில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, கவுண்டை உரக்கக் கத்தினார். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆடிமுடித்தார்கள். அந்த நடனத்தில் அவரும் ஆடவில்லை. வாசலில் யாராவது அவரிடம் பாஸ் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தொண்டர்: நிஜின்ஸ்கி... ந, நா, நி... இல்லை, மேடம்.

மாஸ்டர்: டிரைவர்?

தொண்டர்: இருக்கிறார். இன்னொரு டிரைவரும் இருக்கிறார், மாற்று ஏற்பாடாக.

(எழுதுகிறவரின் குறுக்கீடு: தொண்டரைக் கோபித்துப் பயனில்லை. பட்டியலைத் தயாரித்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட தொடர்களில் பின்வாசலில் நிற்க வைக்கப்படுகிறவர், விவரம் எதுவும் சொல்லப்படாத நல்ல பிள்ளையாகத்தான் எப்போதும் இருப்பார்.)

தொண்டர்: ஒன்று செய்யலாம். நீங்கள்தான் அமைத்தீர்கள் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் கேட்டுப் பார்க்கிறேன்.

மாஸ்டர்: (நோட்டை நீட்டி) இதோ. முழு நடனமும் இதில் இருக்கிறது.

தொண்டர்: (நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து) கோடு, கட்டம், கறுப்புப் பட்டை... மின்சார வயரிங் வரைபடமா?

மாஸ்டர்: நடனக் குறிப்பு. ருடால்ஃப் லாபான் 1928-இல் வெளியிட்ட முறை. நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது இடது உடம்பு, வலப்பக்கம் இருப்பது வலது. கட்டத்தின் வடிவம் திசையைச் சொல்லும், நீளம் நேரத்தைச் சொல்லும்.

தொண்டர்: தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ?

மாஸ்டர்: சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். கீழேயிருந்து மேலே படிக்கவேண்டும்.

தொண்டர்: இங்கே ஒரு பக்கம் ஏறக்குறைய காலியாக இருக்கிறதே, எழுத மறந்துவிட்டீர்களா?

மாஸ்டர்: அங்கே பத்துப்பேரும் அசையாமல் நிற்பார்கள், 22 விநாடி. இசையும் நின்றுவிடும்.

தொண்டர்: நிற்பதற்கா நான்கு மாத ஒத்திகை?

மாஸ்டர்: ஓடுவதற்கு ஒரு வாரம் போதும். சேர்ந்தாற்போல் நிற்கவைக்கத்தான் மீதி மாதங்கள். ஒருவர் மூக்கைச் சொறிவார், ஒருவர் மகனைத் தேடுவார், ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். தெரியாமல்தான் கேட்கிறேன் தம்பி, இந்த அரங்கத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள், இல்லையா?

தொண்டர்: ஆமாம்.

மாஸ்டர்: மைக்காரருக்கு?

தொண்டர்: முன்பணமே கொடுத்தாகிவிட்டது.

மாஸ்டர்: பேனர் அச்சடித்தவருக்கு?

தொண்டர்: அவர் பணம் வாங்காமல் பேனரை இறக்கவே மாட்டார், மேடம்.

மாஸ்டர்: எனக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? வாய்ப்பு. ஒத்திகைக் கூடத்துக்காரரிடம் வாடகைக்குப் பதிலாக அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்தேன், வேண்டாம் என்றார். தையல்காரரிடம் கொடுத்துப் பார்த்தேன், அவரும் வாங்கவில்லை. என்னைத் தவிர யாரிடமும் செல்லாத ஒன்றை எனக்கென்றே தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

தொண்டர்: (குரலைத் தாழ்த்தி) எங்களுக்கும் வாய்ப்புதான், மேடம். டி-சர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

(உள்ளே கைதட்டல். இரண்டாவது நடனம் முடிகிறது. விருந்தினருக்கு அவசர வேலை இருப்பதால் அவருடைய உரை இப்போதே என்று அறிவிப்பு. மாஸ்டர் நோட்டை விரிக்கிறார், மூடுகிறார். உரை முடிவதாகத் தெரியவில்லை. "இரண்டே வார்த்தை" என்று ஆரம்பிக்கிற உரைகளின் பொதுவான நீளம். ஒருவழியாக மூன்றாவது நடனத்தின் இசை எழுகிறது.)

மாஸ்டர்: என்னுடையது! ஆரம்பித்துவிட்டார்கள். கதவையாவது கொஞ்சம் திறந்து வையுங்கள் தம்பி, காதிலாவது விழட்டும்.

(தொண்டர் கதவைத் திறந்துவைக்கிறார். மாஸ்டர் விரல்களை மடக்கி எண்ணுகிறார். சற்று நேரத்தில் இசை நிற்கிறது.)

தொண்டர்: ஐயோ, பாட்டு நின்றுவிட்டது!

மாஸ்டர்: நிற்கவேண்டும்.

(தொண்டரின் வாக்கி டாக்கி அலறுகிறது: "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சா? யாராவது பாருங்கப்பா!")

மாஸ்டர்: ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுங்கள்! ஆறு, ஏழு, எட்டு...

தொண்டர்: (வாக்கி டாக்கியில்) சார், நிற்கவேண்டுமாம்... யார் சொன்னதா? இங்கே ஒரு மேடம்... இல்லை சார், பட்டியலில் இல்லை.

(உள்ளே தொகுப்பாளரின் குரல்: "ஒரு சிறிய தொழில்நுட்பக் கோளாறு. அது சரியாகும்வரை நம் கலைஞர்களுக்கு ஒரு பலத்த கைதட்டல்!" கைதட்டல். அதன்மேல் வரவேற்புப் பாட்டு ஒலிக்கிறது.)

மாஸ்டர்: பதினொன்று. இன்னும் பதினொன்று இருந்தது.

தொண்டர்: (கதவிடுக்கில் எட்டிப்பார்த்து) மேடம், ஆனால் யாரும் அசையவில்லை. பாட்டு போட்டும் அப்படியே நிற்கிறார்கள். வயதான ஐயா ஒருவர் மட்டும் மைக்காரரையே முறைக்கிறார்.

மாஸ்டர்: முறைப்பதை நான் அமைக்கவில்லை. ஆனால் இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது.

(ஒருவழியாகச் சரியான இசை திரும்புகிறது. நடனம் முடிகிறது. தொகுப்பாளரின் குரல்: "இந்த அருமையான நடனத்தை அமைத்தவரைக் கேடயம் பெற்றுக்கொள்ள மேடைக்கு அழைக்கிறோம்!")

தொண்டர்: மேடம், உங்களைத்தான்! மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்!

மாஸ்டர்: இப்போது போகலாமா?

தொண்டர்: இப்போது நீங்கள் மேடை ஏறுகிறவர்தான். தாராளமாகப் போகலாம். ஆனால் பாஸ்... ஒரு நிமிடம், சாரிடம் கேட்டுவிடுகிறேன்.

(கேட்கிறார். பதில் வருவதற்குள் தொகுப்பாளர் முந்திக்கொள்கிறார்: "தவிர்க்க முடியாத காரணத்தால் அவரால் வர இயலவில்லை. அவர் சார்பாக, விருந்தினரோடு வந்திருக்கும் அன்பர் ஒருவர் பெற்றுக்கொள்வார்." கைதட்டல்.)

மாஸ்டர்: யார் அந்த அன்பர்?

தொண்டர்: (எட்டிப்பார்த்து) டிரைவர், மேடம்.

மாஸ்டர்: எந்த டிரைவர்?

தொண்டர்: மாற்று டிரைவர். கவலைப்படாதீர்கள், கேடயத்தை நானே கேட்டு வாங்கி வந்துவிடுகிறேன்.

மாஸ்டர்: அதில் பெயர் என்ன போட்டிருக்கிறது?

தொண்டர்: பெயர் இல்லை, மேடம். "நடன அமைப்பாளர்" என்று மட்டும்தான். மொத்தமாக அடித்தால் விலை குறைவு என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்துவிட்டார்கள்.

மாஸ்டர்: அப்படியானால் அவரே வைத்துக்கொள்ளட்டும். அடுத்த மாத நடனத்தையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவரிடம்தான் பாஸ் இருக்கிறது.