ஆயில்தான் காரணம் என்றால், காட்டுங்கள்

தங்கையின் புதுக் காரில் இன்ஜின் கடகடக்கிறது, வாரண்டியில் சரிசெய்ய சர்வீஸ் சென்டர் மறுத்துவிட்டது. இந்த விஷயம் இங்கே எல்லாருக்கும் தெரியும். அவர்கள் எழுதிக் கொடுத்த வேலைச் சீட்டான ஜாப் கார்டையும் பார்த்தீர்கள். "தவறான ஆயில் பயன்படுத்தியதால் வாரண்டி பொருந்தாது." அதை எழுதுவதற்கு முன் இன்ஜினிலிருந்து ஒரு சொட்டு ஆயில் எடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமே அங்கேதான்.

ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றியது அவர்கள் சர்வீஸ் சென்டரில்தான். நடுவில் ஒரு பயணத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டினாள். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தால் நுனியில் மட்டும் ஈரம். இந்த இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட 0டபிள்யூ-20 ரக ஆயில் கிடைக்கவில்லை, கொஞ்சம் கெட்டியான 5டபிள்யூ-30 வாங்கி அளவு வரை ஊற்றினாள். டப்பாவும் பில்லும் இன்னும் இருக்கின்றன. இதை அவர்களிடம் சொன்னதும் அவளேதான். மறைத்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது போல.

"மேனுவலைப் படிக்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்டீர்கள். படித்தோம். சொன்ன கிரேடு கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30 ஊற்றலாம், அடுத்த ஆயில் மாற்றத்தில் 0டபிள்யூ-20க்குத் திரும்ப வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ளது 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. 20இல் கொஞ்சம் 30 கலந்தால் மைலேஜ் லேசாகக் குறையலாம். அதற்காக இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயின் இப்படிக் கடகடக்குமா? செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் வற்றினால் அதற்கு ஆபத்து. புது இன்ஜினில் ஆயில் ஏன் வற்றியது? நாங்கள் கேட்பதே அதுதான். பதில் இல்லை.

"ஏமாற்றுகிற வாடிக்கையாளர்களும் உண்டே." உண்டு. ஆயிலே மாற்றாமல் ஓட்டிவிட்டு வாரண்டி கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது தெரிந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்தாலே பல நேரம் உள்ளே கறுப்புக் களிம்பு அப்பியிருக்கும். சந்தேகம் என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கெட்டித்தன்மை, இரும்பு, செம்பு, பெட்ரோல் கலப்பு எல்லாம் அளந்து சொல்வார்கள். குற்றம் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காமல் ஒரு வரி எழுதிக் கையைக் கழுவக் கூடாது.

"பாவம், சர்வீஸ் சென்டர் அட்வைசர் என்ன செய்வார், மேலிடத்து உத்தரவு." இதைச் சொன்னவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. சின்ன வயதில் அப்பா ஞாயிறு தவறாமல் பானெட்டைத் திறப்பார். டிப்ஸ்டிக்கைத் துணியில் துடைத்து, மறுபடி செருகி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து எங்கள் இருவருக்கும் காட்டுவார். நான் விளையாட ஓடிவிடுவேன், தங்கைதான் நின்று கேட்பாள். அவளிடம் அந்த அட்வைசர், "வீட்டில் ஆம்பளைங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க மேடம், அவங்களுக்குப் புரியும்" என்றிருக்கிறார். இதுவும் மேலிடத்து உத்தரவா? வண்டி அவள் பெயரில், கடன் கட்டுவது அவள். அன்று இரவு போனில் அவள் இன்ஜினைப் பற்றிப் பேசவே இல்லை, இந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நேற்று எங்கள் கோரிக்கையை சர்வீஸ் சென்டரிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட்டோம். எங்கள் முன்னால் ஆயில் மாதிரி எடுத்து சீல் வைக்க வேண்டும், ஆளுக்கொரு புட்டி. மறுப்புக்கான தொழில்நுட்பக் காரணத்தைக் கையெழுத்துடன் தர வேண்டும். அதுவரை இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. கடிதத்தை எழுதியதும் அவள், கையெழுத்துப் போட்டதும் அவள். நான் கூடப் போகவில்லை.